யுனிக்சு தற்காலிகக் கோப்பு அடைவின் பாதுகாப்பு வரலாறு

தற்காலிகக் கோப்பு அடைவு என்பது யுனிக்சு இயங்குதளத்தில் நிரல்கள் தம் இடைக்கால வேலைக்குரிய கோப்புகளை வைத்துக்கொள்ளும் பொது இடமாகும். இது ‘டிஎம்பி’ எனப் பெயரிடப்பட்டுள்ளது. பலர் பயன்படுத்தும் கணினியில் இவ்வடைவில் எல்லாரும் எழுத இயல வேண்டும். ஆனால் ஒருவர் கோப்பில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது. இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றப் பல ஆண்டுகள் பிடித்தன.

நீக்கும் உரிமை

யுனிக்சு 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிசு ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பட்டது. இதில் அடைவு என்பது ஒரு பெயர்ப்பட்டியல். கோப்பை நீக்குவது என்பது அப்பட்டியலில் ஒரு பெயரை அடிப்பதே. ஆகவே அடைவில் எழுதும் அனுமதி உள்ள எவரும், தம்மால் படிக்கவே முடியாத பிறர் கோப்பையும் நீக்கிவிட முடிந்தது.

இதற்கான தீர்வு பழைய வசதி ஒன்றிலிருந்து கிடைத்தது. 1974 இன் ஐந்தாம் பதிப்பில் அறிமுகமான ‘ஸ்டிக்கி பிட்’, அடிக்கடி இயங்கும் நிரலை வட்டின் இடமாற்றுப் பகுதியிலேயே ஒட்டிவைப்பதற்கானது. 1986 இல் பெர்க்லியில் இருந்து வெளிவந்த 4.3 பிஎஸ்டி, அதற்கு அடைவுகளில் புதுப்பொருள் தந்தது. இதன்படி கோப்பின் உரிமையாளர், அடைவின் உரிமையாளர், முதன்மைப் பயனர் ஆகியோர் மட்டுமே கோப்பை நீக்கவோ பெயர் மாற்றவோ முடியும். 1777 என்னும் அனுமதி எண்ணில் உள்ள முதல் 1 இதையே குறிக்கிறது.

பெயரை ஊகிக்கும் தாக்குதல்

நீக்குதல் தடுக்கப்பட்டபின்பும் வேறொரு வழி திறந்திருந்தது. 1979 இன் ஏழாம் பதிப்பில் இருந்த ‘எம்கேடெம்ப்’ செயற்கூறு, பயன்பாட்டில் இல்லாத ஒரு பெயரை மட்டும் தந்தது, கோப்பை உருவாக்கவில்லை. பெயரில் நிரலின் செயல்முறை எண் இடம்பெற்றதால் அதை ஊகிப்பது எளிது. பெயர் கிடைப்பதற்கும் கோப்பு உருவாவதற்கும் இடைப்பட்ட நொடியில், தாக்குபவர் அதே பெயரில் முக்கியக் கோப்பு ஒன்றைச் சுட்டும் குறியீட்டு இணைப்பை வைத்துவிடலாம். முதன்மைப் பயனரின் நிரல் அதைத் திறந்து எழுதினால், கடவுச்சொற் கோப்பே அழிய நேரிடும்.

4.3 பிஎஸ்டியின் ‘எம்கேஎஸ்டெம்ப்’ பெயரிடுதலையும் உருவாக்கலையும் பிரிக்க முடியாத ஒரே செயலாக்கியது. அப்பெயரில் ஏற்கெனவே ஏதேனும் இருந்தால், உருவாக்கும் முயற்சி தோல்வியுறும். வேறு பெயர் தேடப்படும்.

பிற்காலம்

பழைய முறையில் எழுதப்பட்ட நிரல்கள் தொடர்ந்து புழக்கத்தில் இருந்தன. எனவே 2012 இல் லினக்சு 3.6 கருவகத்திலேயே ஒரு காப்பு சேர்க்கப்பட்டது. ஸ்டிக்கி பிட் கொண்ட பொது அடைவுகளில் பிறர் வைத்த குறியீட்டு இணைப்புகளைப் பின்தொடர்வதை அது தடுக்கிறது. ஒவ்வொரு சேவைக்கும் தனித் தற்காலிக அடைவை ஒதுக்கும் வசதி ‘சிஸ்டம்டி’ மேலாண்மை மென்பொருளில் உள்ளது.