ஃப்ளெட்ச் கேட்காத ஆல்பம்

இன்னைக்கு ஒரு தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம். 2022 மே 26. அன்னைக்கு ஆண்டி ஃப்ளெட்சர் இறந்துபோனார். வயசு 60. யாரு அவர்னு கேட்கறவங்களுக்கு: டெபெஷ் மோட்னு ஒரு பிரிட்டிஷ் எலக்ட்ரானிக் பேண்ட். 1980-ல, எசெக்ஸ்ல இருக்கற பாசில்டன்ங்கிற ஊர்ல நாலு பசங்க சேர்ந்து ஆரம்பிச்சது. அந்த நாலு பேர்ல ஒருத்தர் இவர். ரசிகர்களுக்கு அவர் ஃப்ளெட்ச்.

பத்து மாசம் கழிச்சு, 2023 மார்ச் 24-ல, அவங்களோட 15-வது ஆல்பம் வந்தது. பேரு 'மெமெண்டோ மோரி'. லத்தீன்ல, 'சாகப்போகிறாய், மறக்காதே'. அட்டையில இறக்கை வடிவத்துல மலர்வளையம். முதல் சிங்கிள் 'கோஸ்ட்ஸ் அகெய்ன்' வீடியோவில், மிச்சம் இருக்கற ரெண்டு பேர், அதாவது பாடகர் டேவ் கானும் பாட்டு எழுதற மார்ட்டின் கோரும், மொட்டைமாடியில செஸ் ஆடறாங்க. இங்மார் பெர்க்மனோட 1957 படமான 'தி செவன்த் சீல்'ல ஒரு வீரன் சாவோடவே செஸ் ஆடுவான் இல்லையா, அதைத்தான் இயக்குநர் ஆன்டன் கோர்பைன் இங்க எடுத்து வெச்சிருக்கார்.

இதையெல்லாம் பக்கத்துல பக்கத்துல வெச்சா, யாரா இருந்தாலும் ஒரே முடிவுக்குத்தான் வருவாங்க: இது செத்துப்போன நண்பனுக்கான இரங்கல் ஆல்பம். நானும் அப்படித்தான் கேட்டேன். ஹெட்போன் மாட்டிட்டு, லைட்டை அணைச்சிட்டு, ஒவ்வொரு வரியிலயும் ஃப்ளெட்சைத் தேடினேன்.

ஆனா தேதி இடிக்குது. ஆபீஸ்ல ஒரு பக் வந்தா, யாரைத் திட்டறதுக்கு முன்னாடியும் எது எப்போ மாறிச்சுன்னு லாகைத்தான் பார்ப்போம். இங்கயும் அதைப் பண்ணுங்க. பெரும்பாலான பாட்டுகளைக் கோர் எழுதினது கோவிட் காலத்துல, அவருக்கு 60 வயசு ஆகற நேரத்துல. 'மெமெண்டோ மோரி'ங்கிற தலைப்பே ஃப்ளெட்ச் இறக்கறதுக்கு முன்னாடி முடிவானது. முதல் பாட்டு 'மை காஸ்மோஸ் இஸ் மைன்' வந்ததுக்குப் பின்னால இருந்தது உக்ரைன் போர். ஒலிப்பதிவு மட்டும்தான் மரணத்துக்கு அப்புறம், 2022 ஜூலையில ஆரம்பிச்சது. கோர் பேட்டிகள்ல சொன்ன ஒரு விஷயம்தான் என்னை உலுக்கிடுச்சு: ஃப்ளெட்ச் இந்தப் பாட்டுகளோட டெமோவைக்கூடக் கேட்கலை.

அது ஏன் பெரிய விஷயம்னா, ஃப்ளெட்ச் அந்த பேண்டில் என்ன பண்றார்ங்கிறது 40 வருஷமா ஓடின ஜோக். பாட்டு எழுதறவர் இல்லை, பாடறவர் இல்லை, பிரமாதமான கீபோர்டு கலைஞரும் இல்லை. 1989-ல வந்த '101' ஆவணப்படத்துல, மத்தவங்க வேலையை ஒவ்வொண்ணா சொல்லிட்டு, நான் சும்மா சுத்திட்டு இருக்கேன்னு அவரே சிரிச்சுக்கிட்டே சொல்லுவார். உண்மையில கணக்குவழக்கு, சமாதானம் பேசறது எல்லாம் அவர் தலையில. என் பார்வையில, மேடை மேலயே நின்ன ஒரு ரசிகர் அவர். அந்த ரசிகருக்குத்தான் இந்த ஆல்பம் போய்ச் சேரலை.

இருண்ட ஆல்பம் இவங்களுக்குப் புதுசும் இல்லை. 1981-ல 'ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்'னு துள்ளலா ஒரு ஹிட். அதை எழுதின வின்ஸ் கிளார்க் அதே வருஷம் விலகிட்டார். பேனா கோர் கைக்கு வந்தது. 1986-ல 'பிளாக் செலிப்ரேஷன்'. லண்டன்லயும், பெர்லின்ல சுவர் பக்கத்துல இருந்த ஹான்ஸா ஸ்டூடியோலயும் ஒலிப்பதிவு ஆச்சு. பாப் பசங்க எதுக்கு இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கறாங்கங்கிற தொனிதான் பிரிட்டிஷ் பத்திரிகை விமர்சனங்கள் சிலதில. ரசிகர்கள் வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க. வேலை முடிஞ்சு அலுத்துப்போய் வீடு திரும்பறவங்க இன்னொரு இருண்ட நாளைக் கடந்ததையே கொண்டாடற பாட்டு அது. கருப்புச் சட்டையோட ஒரு கூட்டமே பின்னால வந்தது. ரெண்டே வருஷத்துல, 1988 ஜூன் 18-ல, கலிஃபோர்னியாவில பாசடேனா ரோஸ் பௌல் ஸ்டேடியத்துல 60,000 பேருக்கு மேல. அதே வருஷம் மார்ச்ல கிழக்கு பெர்லின்லயும் வாசிச்சாங்க. அரசோட இளைஞர் அமைப்பு நடத்தின நிகழ்ச்சி அது. அங்க இருந்த பிள்ளைங்களுக்கு அந்த இருட்டு எதைப் பத்தினதுன்னு கோர் சொல்லிக் கொடுக்கவேண்டிய அவசியமே இருந்திருக்காது.

ஆக, அவர் ஒண்ணை நினைச்சு எழுதறார், கேட்கறவங்க தங்களோட சாவை, தங்களோட சுவரை அதுல கொண்டுவந்து வெச்சுக்கறாங்க. 2023-லயும் அதுதான் நடந்தது. தேதிகளைப் பார்த்ததும் முதல்ல எனக்கு ஏமாத்தப்பட்ட மாதிரி இருந்தது. அப்புறம் திரும்பக் கேட்டேன். இப்போ இன்னும் கஷ்டமா இருக்கு. சாவைப் பத்தி பொதுவா எழுதி வெச்சிருந்த ஒரு மனுஷன், நிஜமான சாவு வந்தப்புறம் அதே வரிகளோட ஸ்டூடியோவுக்குள்ள போகணும். டேவ் கான் அதே வரிகளைப் பாடணும். விட்டுடலாமான்னு யோசிக்காமலா இருந்திருப்பாங்க?

ஆல்பம் ஜெர்மனியில முதலிடம், பிரிட்டன்ல ரெண்டாமிடம். பல வருஷத்துல இவங்களோட சிறந்த ஆல்பம்னு பலர் எழுதினாங்க. அதுல எவ்வளவு பாட்டுக்கு, எவ்வளவு ஃப்ளெட்சுக்குன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியலை. 'சோல் வித் மீ' மட்டும் எனக்கு இன்னும் கொஞ்சம் அதிகப்படியாத்தான் படுது, திட்டாதீங்க.

டூர்ல ஃப்ளெட்சுக்குன்னு அவங்க ஒதுக்கினது புது ஆல்பத்துப் பாட்டு இல்லை. 1990-ல வந்த 'வேர்ல்ட் இன் மை ஐஸ்'. பின்னால திரையில அவர் முகம் பெருசா வரும். முன்னால ஸ்டேடியமே சேர்ந்து பாடிட்டு இருக்கும்.