மதிலைப் பார்க்கும்போது வாயிலையும் பாருங்கள்



சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தால், நம்மில் பலர் ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ புறப்பட்டுவிடுகிறோம். சிலர் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் பேருந்து ஏறுகிறோம். நல்லதுதான். ஆனால் நாமக்கல்லைக் கடக்கும்போது பாறையின் உச்சியில் ஒரு கோட்டை தெரிகிறது. சேலத்திலிருந்து ஈரோடு போகும் வழியில் சங்ககிரி மலைமேல் இன்னொரு கோட்டை தெரிகிறது. சன்னல் வழியே ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறோம். மறுபடியும் கைப்பேசியில் மூழ்கிவிடுகிறோம். இன்று அந்த இரண்டு கோட்டைகளுக்கும், இந்தச் சமவெளியில் கால்நடையாக வந்த ஒரு துறவிக்கும் சற்று நேரம் கொடுப்போம்.

முதலில் தொலைவில் உள்ள ஒரு மதிலைப் பார்த்துவிட்டு வருவோம். ஸ்பெயின் நாட்டில் அவிலா என்ற நகரம் இருக்கிறது. தலைநகர் மாட்ரிட்டில் வேலை செய்பவர்கள் வார இறுதியில் இரயில் ஏறிப் போய்ப் பார்த்துவரும் ஊர். ஊரைச் சுற்றிச் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்மதில், உயரம் ஏறத்தாழ 12 மீட்டர், வாயில்கள் 9. எட்டு நூற்றாண்டுகளைத் தாண்டியும் முழுமையாக நிற்கிறது. மறைமாவட்டப் பேராலயத்தின் பின்புறச் சுவரே மதிலின் ஒரு பகுதியாகக் கட்டப்பட்டிருக்கிறது. 1985-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அந்த ஊரில்தான் 1515-இல் புனித தெரேசா பிறந்தார். இன்று ஊரெங்கும் அவர் பெயர்தான். அவர் பிறந்த இடத்தில் ஆலயம். ஒரு வாயிலுக்கும் அவர் பெயரே. ஆனால் அவருடைய தாத்தா யூதராக இருந்து கிறிஸ்தவரானவர். பழைய சமயத்தை இரகசியமாகப் பின்பற்றினார் என்று 1485-இல் தொலேதோ நகரில் சமய விசாரணை மன்றம் அவருக்குப் பொதுத் தண்டனை கொடுத்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் அவிலாவுக்குக் குடிபெயர்ந்தது. 1492-இல் ஸ்பெயின் முழுவதிலிருந்தும் யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவிலாவின் வாயில்கள் வழியாகவும் அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு போனார்கள். எந்த மக்களை நாடே வெளியே தள்ளியதோ, அந்த மக்களின் பேத்திதான் இன்று அந்த நகரத்தின் பெருமை.

1562-இல் தெரேசா தம் முதல் சீர்திருத்த மடத்தைத் தொடங்கியபோது, அதற்குக் கிடைத்த இடம் மதிலுக்கு வெளியே இருந்தது. அதையும் மூட வேண்டும் என்று நகர சபையே எதிர்த்து நின்றது. 1577-இல் அவர் ஓர் ஆன்மிக நூல் எழுதினார். அதில் மனித ஆன்மாவை ஒரு கோட்டைக்கு ஒப்பிட்டார். அந்தக் கோட்டையில் மதிலைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. உள்ளே போகும் வாசல் எது என்பதுதான் கேள்வி. செபமே வாசல் என்றார்.

நேயர்களே, கோட்டை பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாக மதில் எவ்வளவு உயரம், யார் கட்டினார் என்று கேட்பார்கள். தெரேசாவின் கதை நமக்கு வேறு கேள்வியைத் தருகிறது. வாயிலில் நின்றது யார்? உள்ளே விடப்பட்டது யார்? வெளியே நிறுத்தப்பட்டது யார்? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

நாமக்கல் பாறை ஏறத்தாழ 75 மீட்டர் உயரம். பாறையிலேயே வெட்டிய படிகள் மேலே கொண்டுபோகின்றன. உச்சியில் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் பரப்பு. அதைச் சுற்றித்தான் மதில். அடியில் பெரிய கற்கள், மேலே போகப் போகச் சிறியவை. இந்தக் கோட்டையைச் சேந்தமங்கலம் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் கட்டினார் என்று ஒரு வழக்கு. மைசூர் அரசரின் அதிகாரி ஒருவர் கட்டினார் என்று இன்னொரு வழக்கு. 1768-இல் ஆங்கிலேயத் தளபதி உட் இதைப் பிடித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஐதர் அலி திரும்பப் பிடித்தார். இத்தனை கல்லை மேலே ஏற்றி வைத்தும், ஒரே ஆண்டில் இரண்டு முறை கோட்டை கைமாறியது.

அதே பாறையில் கோட்டைக்கு எத்தனையோ காலம் முந்திய வேலைப்பாடும் இருக்கிறது. ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டில் அதியமான் மரபினர் குடைந்த நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகள் அடிவாரத்தில் உள்ளன. உச்சியில் பெருமாள் கோவிலும் இருக்கிறது, தர்காவும் இருக்கிறது. போருக்காக எழுப்பிய மதிலுக்குள் இன்று மிஞ்சி நிற்பவை மக்கள் வணங்க வரும் இடங்கள்தான்.

இனி அந்தத் துறவியிடம் வருவோம். தெரேசா தம் நூலை எழுதிய அதே 1577-இல் இத்தாலியில் பிறந்தவர் இராபர்ட் தெ நொபிலி. இயேசு சபைத் துறவி. 1606-இல் மதுரைக்கு வந்து காவி உடுத்தினார், இறைச்சியை விட்டார், தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார். தத்துவ போதகர் என்ற பெயரில் நம் மொழியில் உரைநடை நூல்கள் எழுதினார். அவருடைய வழிமுறை சரியா, தவறா என்று பல ஆண்டுகள் விசாரணை நடந்தது. கடைசியில் 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் அதே திருத்தந்தை தெரேசாவைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியிருந்தார்.

அந்த 1623-இல் தெ நொபிலி மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டார். திருச்சி வழியாகச் சேந்தமங்கலம் வந்து சேர்ந்தார். நாமக்கல்லிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், கொல்லிமலை அடிவாரத்து ஊர் அது. அங்கே ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையோடு வரவேற்றார். தம் ஊரில் தங்கும்படியும் கேட்டுக்கொண்டார். முன்பின் அறியாத வேற்று நாட்டவர் ஒருவருக்கு இந்தச் சமவெளியில் முதலில் திறந்த வாயில் அது. திறந்தவர் கிறிஸ்தவர் அல்லர். இதை நாம் நன்றியோடு நினைவில் வைக்க வேண்டும்.

அங்கிருந்து அவர் சேலத்துக்கு வந்தார். சேலம் அப்படி வரவேற்கவில்லை. ஊருக்குள் வீடு கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. ஊருக்கு வெளியே இருந்த ஒரு பழைய சத்திரத்தில் ஒதுங்கினார். காற்றுக்கும் பனிக்கும் அங்கே தடுப்பு இல்லை. வாரக்கணக்கில் அப்படியே கிடந்தார், நோயுற்றார். அவர் திரும்பிப் போயிருக்கலாம். ஒரு நாயக்கர் கை நீட்டி அழைத்த ஊர் இருந்தது. ஆனாலும் அவர் சத்திரத்திலேயே இருந்தார். மெல்ல மெல்ல ஒருவர், இருவராக ஊர்மக்கள் அவரைத் தேடி வந்து பேசினார்கள். கடைசியில் ஊருக்குள் அவருக்கு இடம் கிடைத்தது.

அப்படித் தேடி வந்தவர்களில் ஒருவர் திருமங்கல நாயக்கர். சேலத்தை அப்போது ஆண்டவரின் அண்ணன், ஆட்சியைப் பறிகொடுத்தவர். 1625-இல் அவர் திருமுழுக்குப் பெற்றார். அரண்மனை வெளியே தள்ளிய ஒருவர், ஊர் வெளியே நிறுத்திய ஒருவரிடம் வந்து அமர்ந்து கேட்டிருக்கிறார். சேலத்துத் திருச்சபையின் தொடக்கம் ஊருக்கு வெளியே ஒரு சத்திரத்துத் திண்ணையில் இருக்கிறது, நேயர்களே. நம் மறைமாவட்டம் 1930-இல் தொடங்கியது என்று நாம் படித்திருக்கிறோம். அந்தத் திண்ணை அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்தியது.

இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிராமணத் துறவியின் கோலத்தில் வாழ்ந்ததால், ஒடுக்கப்பட்ட மக்களோடு தெ நொபிலியால் வெளிப்படையாகப் பழக முடியவில்லை. அவர்களுக்கென்று 1640 முதல் பண்டார சுவாமிகள் என்ற தனிப் பிரிவு குருக்கள் வந்தார்கள். ஒரு வாயிலைத் திறக்கப் போனவர்கள், ஏற்கெனவே நின்ற இன்னொரு மதிலை இடிக்காமல் விட்டார்கள். அந்த மதில் பிறகு ஆலயத்துக்குள்ளேயே வந்தது. ஒரே பீடத்துக்கு முன்னால் இரு தரப்புக்கு இரு பக்கம். திருவிழாத் தேர் போகும் தெரு, போகாத தெரு. ஒரே கல்லறைத் தோட்டத்துக்குள் இறந்தவர்களைப் பிரிக்க ஒரு சுவர். இவை தமிழகத் திருச்சபையில் நடந்தவை. சில இடங்களில் இன்றும் முழுமையாக மறையாதவை. ஐதர் அலி ஏறிவந்த நாமக்கல் மதிலைவிட இந்தச் சுவர்கள் உயரம் குறைந்தவைதான். ஆனால் இவற்றைப் பிடிக்க எந்தத் தளபதியும் வரமாட்டார். கட்டியவர்களின் பிள்ளைகள்தான் இடிக்க வேண்டும்.

கடைசியாகச் சங்ககிரி. சேலத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். விஜயநகர மன்னர்கள் காலத்தில் எழுந்த கோட்டை. மலையின் மற்றப் பக்கங்கள் செங்குத்து. ஒரே பக்கம்தான் ஏற வழி. அந்த வழியிலும் ஒன்றைக் கடந்தால் இன்னொன்று என்று வாயில்கள் மறிக்கின்றன. மைசூர் ஆட்சியில் இது கொங்குநாட்டின் வரிப்பணம் வந்து சேரும் இடமாகவும் படைத்தளமாகவும் இருந்தது. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் பகுதி ஆங்கிலேயரிடம் போனது. 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலையை இந்தக் கோட்டையில்தான் தூக்கிலிட்டார்கள். உழுகிறவர் கட்டிய வரியைக் காத்த மதில், அந்த மண்ணுக்காகப் போராடியவருக்குத் தூக்குமேடையானது. இன்றும் ஆடிப்பெருக்கன்று மக்கள் அங்கே கூடி அவரை நினைக்கிறார்கள். தூக்கிலிட்ட அதிகாரியை நினைத்து அந்த மலை ஏறுகிறவர் யாரும் இல்லை.

மதில் கட்டுவதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டினார். அவரவர் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியை அவரவர் குடும்பம் பழுதுபார்க்க, 52 நாளில் வேலை முடிந்தது. பாதுகாப்பு இல்லாத மக்களுக்குப் பாதுகாப்புத் தேவை; விவிலியம் அதை மறுக்கவில்லை. ஆனால் விவிலியம் அந்த மதிலோடு நின்றுவிடவில்லை. திருவெளிப்பாடு நூலின் 21-ஆம் அதிகாரத்தில் இன்னொரு நகரம் வருகிறது. அதற்கும் பெரிய மதில் உண்டு, வாயில்கள் 12. அந்த வாயில்கள் அடைக்கப்படுவதே இல்லை என்கிறார் யோவான். கடவுள் கட்டும் நகரத்தின் அடையாளம் அதுதான்.

இப்போது நம் சத்திரத்தைப் பார்ப்போம். நாமக்கல் கோழிப் பண்ணைகளிலும், சாலையோர லாரிப் பட்டறைகளிலும், செங்கல் சூளைகளிலும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஞாயிறு திருப்பலிக்கு வந்து, கடைசி வரிசைக்கும் பின்னால் கதவோரம் நிற்கிறார்கள். மொழி தெரியாது; திருப்பலி முடிந்ததும் போய்விடுகிறார்கள். அவர்களில் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா? 1623-இல் சேலத்துக்காரர்கள் ஒரு வேற்று மொழிக்காரரைச் சத்திரத்தில் விட்டார்கள் என்று கேட்டபோது நமக்கு வருத்தமாக இருந்தது அல்லவா? அந்தச் சத்திரத்தில் கிடந்தவர் கொண்டுவந்த விசுவாசத்தில்தான் இன்று நாம் நிற்கிறோம்.

எனவே அடுத்த முறை இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும்போது இப்படிச் செய்து பார்ப்போம். சனிக்கிழமை விடியற்காலை, பாறை சூடேறும் முன் நாமக்கல் கோட்டைக்கு ஏறுவோம். இறங்கி வந்து சேந்தமங்கலம் போவோம். அந்த நாயக்கரின் விருந்தோம்பலைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து, வெயில் தாழ்ந்த பிறகு சங்ககிரிக்குப் போவோம். மலை பெரிது, ஏறுகிற மட்டும் ஏறுவோம். குடிக்கத் தண்ணீரை மறக்க வேண்டாம். ஒவ்வொரு வாயிலிலும் பிள்ளைகளை ஒரு நிமிடம் நிறுத்தி, "இங்கே யாரை உள்ளே விட்டிருப்பார்கள்? யாரை விட்டிருக்க மாட்டார்கள்?" என்று கேட்போம். பிள்ளைகள் நேர்மையாகப் பதில் சொல்வார்கள். பிறகு அதே கேள்வியை நம் வீட்டு வாசலைப் பற்றியும், நம் ஆலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் பற்றியும் கேட்பார்கள். அதற்கான பதிலை நாம் தயாராக வைத்திருப்போம்.

மூடாத வாயில்களைக் கொண்ட நகரத்துக்கு நம்மை அழைக்கும் இறைவன், நம் கைகளால் திறக்க வேண்டிய கதவுகளை நமக்குக் காட்டுவாராக. ஆமென்.