11 பேர் குடும்பத்துக்கு ஒரே டென்ட் போதுமா? வாங்கும் முன் மொட்டை மாடிக்குப் போங்க!

ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி போனவங்களுக்குத் தெரியும். காவடி எடுத்து வந்த குடும்பங்கள், கிடைச்ச இடத்துல பாயை விரிச்சு, பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை வரிசையா படுத்துத் தூங்கிடுவாங்க. கும்பலா படுக்கிறது நமக்குப் புதுசு இல்லை. அந்த தைரியத்துலதான், 'எட்டு பேர் டென்ட் ஒண்ணு வாங்கிட்டா மொத்தக் குடும்பமும் அடங்கிடும்'னு ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடறோம். பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்குது.

உங்க வீடு ஆர்.கே.பேட்டையில இருக்கு, பொங்கல் லீவுக்கு ஏலகிரியில டென்ட் போட பிளான்னு வெச்சுக்குவோம். தாத்தா, பாட்டி, பெரியப்பா பெரியம்மா, அப்பா அம்மா, சித்தப்பா சித்தி, அவங்க குட்டிப் பசங்க ரெண்டு பேர், நீங்க. மொத்தம் 11 தலை. சோளிங்கர், வாலாஜா தாண்டி வேலூர் ஹைவேயைப் பிடிச்சு, 14 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போன பிறகு டென்ட் பத்தலைன்னா, ராத்திரி யாரை வெளியில படுக்கச் சொல்வீங்க?

அட்டைப்பெட்டியில '6 பேர்'னு போட்டிருந்தா, ஆறு பேர் தோளோடு தோள் ஒட்டி, புரளாம படுக்கலாம்னு அர்த்தம். பை வைக்கக்கூட இடம் இருக்காது. 10 அடிக்கு 10 அடி டென்ட்டை ஆறால வகுத்துப் பாருங்க. ஆளுக்கு 20 இன்ச். ரயில் ஸ்லீப்பர் பெர்த்தே சுமார் 2 அடி அகலம் இருக்கும். நிம்மதியாத் தூங்க ஆளுக்கு இரண்டரை அடியாவது வேணும். அப்போ அதுல படுக்க முடியறது நாலு பேர்தான். எந்த டென்ட்டா இருந்தாலும் போட்டிருக்கிற எண்ணிக்கையில மூணுல ஒரு பங்கைக் கழிச்சுடுங்க.

நம்பிக்கை வரலையா? டென்ட்டோட நீள அகலத்தைப் பார்த்து, மொட்டை மாடியில சாக்பீஸால கட்டம் போடுங்க. பாய்களை விரிச்சு எல்லாரையும் படுக்கச் சொல்லுங்க. பெரியப்பாவுக்கு ஒரு தலையணை எக்ஸ்ட்ரா வேணும்ங்கிறதெல்லாம் அப்பதான் தெரியவரும்.

என்னைக் கேட்டா, 11 பேருக்கு ஒரே பெரிய டென்ட் வேண்டாம். தாத்தாவோட குறட்டைக்கு பசங்க முழிச்சுக்குவாங்க, ராத்திரி ஒருத்தர் பாத்ரூம் போனா பத்து பேர் எழுந்திரிக்கணும். பாட்டி, பெரியம்மா, அம்மா, சித்தி, பசங்களுக்கு ஒரு '8 பேர்' டென்ட். தாத்தா, பெரியப்பா, அப்பா, சித்தப்பாவுக்கு ஒரு '6 பேர்' டென்ட். உங்களுக்குத் தனியா ஒரு '2 பேர்' டென்ட். (அட, ஜாலிதானே!) நடுவுல ஒரு தார்ப்பாய் கட்டிட்டா, அதுதான் சாப்பிடற இடம், அரட்டைத் திண்ணை எல்லாம்.

பாட்டி படுக்கிற டென்ட்டோட உயரத்தை மட்டும் தயவுசெஞ்சு பாருங்க. சின்ன டோம் டென்ட் நடுவுலயே நாலே கால் அடிதான் இருக்கும், ஓரத்துல இன்னும் சரியும். முட்டி வலிக்காரங்க அதுல தவழ்ந்து நுழைய முடியாது. நின்னுக்கிட்டு புடவை கட்டற அளவுக்கு, ஆறடிக்கு மேல உயரமும் நேர் சுவரும் உள்ள கேபின் டைப் வேணும். உயரமான டென்ட் காத்தை நல்லா வாங்கும். அதனால கயிறுகளையும் முளைகளையும் ஒண்ணு விடாம அடிச்சுடணும்.

மழைக்கு? '2000 எம்.எம்.'னு போட்டிருப்பாங்களே, அது மழை அளவு இல்லை. 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணியை நிறுத்தினாலும் அந்தத் துணி கசியாதுன்னு அர்த்தம். மேல்கவருக்கு அந்த அளவாவது இருக்கட்டும், தரைத்துணிக்கு அதைவிட அதிகம் நல்லது. தையல் மேல டேப் ஒட்டியிருக்கான்னும் பாருங்க. மேல்கவர் தொப்பி மாதிரி உச்சியில மட்டும் இருந்தா, ஐப்பசி மழைக்கு அது ஆகாது. தரை வரை இறங்கணும். காலையில உள்பக்கம் துளித்துளியா நின்னா, கடைக்காரரைத் திட்டாதீங்க. அது மூச்சுக்காத்தோட ஈரமாவும் இருக்கலாம். வலை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சா குறையும்.

வலை கிழியாம இருந்தாலே கொசுவுக்குப் போதும். கொசுவத்தியை உள்ளே கொளுத்தாதீங்க, துணி சட்டுனு பத்திக்கும். குளிருதுன்னு கரி அடுப்பையோ கேஸ் ஸ்டவ்வையோ உள்ளே வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும்.

இடம் விஷயத்துலயும் அவசரம் வேண்டாம். காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம டென்ட் போடக் கூடாது. 2021 ஜனவரியில, வயநாடு மேப்பாடியில் ஒரு ரிசார்ட்டோட டென்ட்ல தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்துபோனார். புக் பண்றதுக்கு முன்னாடி, அந்தப் பக்கம் யானை நடமாட்டம் இருக்கா, வேலி இருக்கா, ராத்திரி காவலுக்கு ஆள் இருக்காங்களா, பாத்ரூம் எத்தனை அடி தூரம்னு போன்லயே கேட்டுடுங்க.

முதல் தடவை போறவங்க மூணு டென்ட்டையும் வாங்கணும்னு இல்லை. வாடகைக்கு எடுத்துப் பாருங்க. வாங்கினா, கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒரு தடவை போட்டுப் பழகிடுங்க. ஊருக்குத் திரும்பினதும் மாடிக் கொடியில ஒரு நாள் முழுக்கக் காயப்போட்டுட்டு மடிங்க. ஈரத்தோட சுருட்டி பரண்ல போட்டா, அடுத்த பொங்கலுக்குத் திறக்கும்போது பூஞ்சை வாடை வீட்டையே தூக்கும்.