அபார்ஷனுக்குப் பிறகு குறைவான ஏ.எம்.ஹெச் ரிப்போர்ட்... அடுத்து என்ன செய்யலாம்?

அயோத்தியாப்பட்டணத்தில் 33 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எட்டாவது வாரத்தில் கரு கலைந்து இரண்டு மாதம் ஆகிறது. எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்னு சேலம் போய் ரத்தம் கொடுத்துவிட்டு பஸ் ஏறுகிறார். ஊர் வந்து சேர்வதற்குள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்... `ஏ.எம்.ஹெச் 0.8, குறைவு'. அன்று இரவு முழுக்க கூகுள். காலையில் அவர் வந்து நிற்கும் முடிவு, `எனக்கு முட்டையே இல்லை, இனி குழந்தையே பிறக்காது'.

இந்தப் பயத்தில் இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, முதலில் கண்ணில் பட்ட சென்டரில் லட்சங்களைக் கட்டுவது. இன்னொன்று, மனசு விட்டுப்போய் ஒரு வருஷத்தை அப்படியே கடத்துவது. இரண்டாவது தவறுதான் பெரியது.

அந்த நம்பர் என்ன சொல்கிறது?

ஒரு பெண் பிறக்கும்போதே சினைப்பையில் சுமார் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். பூப்படையும்போது அது மூன்று, நான்கு லட்சமாகிவிடும். பிறகும் மாதாமாதம் குறைந்துகொண்டேதான் இருக்கும், புதிதாக உருவாகாது. சிலருக்கு இது வேகமாகக் குறைகிறது. சினைப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்தது, புற்றுநோய் சிகிச்சை, புகைப்பழக்கம், மரபணு எனக் காரணங்கள் பல. பலருக்குக் காரணமே தெரியாது. உங்க அம்மாவுக்கு எந்த வயசுல பீரியட்ஸ் நின்னதுனு கேட்டு வையுங்கள். டாக்டர் கட்டாயம் கேட்பார்.

ஏ.எம்.ஹெச் என்பது மிச்சமிருக்கும் முட்டைகளின் எண்ணிக்கையைத் தோராயமாகச் சொல்லும் ஹார்மோன். 1.1 அல்லது 1.2 நானோகிராமுக்குக் கீழே போனால் `இருப்பு குறைவு' என்பார்கள். சில லேப்களில் பிகோமோல் என்ற அலகில் வரும். அதை 7.14-ஆல் வகுத்தால் நானோகிராம் கணக்கு வந்துவிடும். இது தெரியாமல் இரண்டு ரிப்போர்ட்டுகளை ஒப்பிட்டு அழுதவர்கள் உண்டு. இன்னொன்று, கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் இந்த அளவு இறங்கும். அதனால் கரு கலைந்த உடனே எடுத்த ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வராமல், ஒன்றிரண்டு பீரியட்ஸ் வந்தபிறகு மறுபடி எடுங்கள். கூடவே, பீரியட்ஸ் வந்த இரண்டு, மூன்றாவது நாளில் ஸ்கேனில் சின்ன முட்டைப்பைகளை எண்ணிப் பார்ப்பதும் அவசியம்.

முக்கியமான விஷயம், அந்த நம்பர் முட்டையின் தரத்தைச் சொல்லாது. தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயது. 2017-ல் அமெரிக்க மருத்துவ இதழான `ஜாமா'வில் வெளியான ஆய்வில், குழந்தையின்மைப் பிரச்னை இல்லாத 30 முதல் 44 வயதுவரையான 750 பெண்களைக் கவனித்தார்கள். ஏ.எம்.ஹெச் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப்போலவே இயற்கையாகக் கருத்தரித்தார்கள். மாதம் ஒரு முட்டை வந்தால் போதும் என்பதுதான் காரணம். கையிருப்பு குறைவு என்றால் காலம் குறைவு என்று அர்த்தம், வாய்ப்பே இல்லை என்று அல்ல.

கலைந்ததற்கு யார் காரணம்?

நீங்கள் வண்டி ஓட்டியது அல்ல, பப்பாளி சாப்பிட்டதும் அல்ல. ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கோளாறால் கலைபவை. நார்வே நாட்டின் பதிவுகளை ஆராய்ந்து 2019-ல் வெளியான கட்டுரைப்படி, 25-29 வயதில் சுமார் 10 சதவிகிதக் கர்ப்பங்கள் கலைகின்றன. 45 வயதுக்கு மேல் பாதிக்கும் அதிகம். ஒரு முறை கலைந்தால் பெரிய பரிசோதனைகள் பொதுவாகத் தேவைப்படாது. இரண்டு முறை என்றால் தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறையும் தன்மை, கர்ப்பப்பையின் வடிவம், கணவன் மனைவி இருவரின் குரோமோசோம் எல்லாம் பார்க்க வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

`ஆறு மாசம் கழிச்சுத்தான் அடுத்தது' என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால், சிக்கலில்லாமல் கலைந்திருந்தால் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்கின்றன பிந்தைய ஆய்வுகள். முட்டை இருப்பு குறைந்தவர்களுக்கு அந்த ஆறு மாதம் பெரிய விஷயம். உடம்பும் மனசும் தயார் என்றால், டாக்டரிடம் கேட்டுவிட்டு அடுத்த பீரியட்ஸுக்குப் பிறகே முயற்சிக்கலாம். அதற்கு முன்பே ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினமும் ஆரம்பித்துவிடுங்கள்.

என்னென்ன வழிகள்?

35 வயதுக்குள், டியூபில் அடைப்பு இல்லை, கணவரின் விந்து ரிப்போர்ட் நார்மல் என்றால் சில மாதங்கள் இயற்கையாகவே முயற்சிக்கலாம். ஒரு முறை கரு தங்கியது என்பதே நல்ல அறிகுறிதான். அடுத்து, லெட்ரோசோல் மாதிரி மாத்திரையோடு ஐ.யூ.ஐ. மூன்று முறைக்குமேல் அதையே நீட்டிக்கொண்டு போனால் `ஏன்'னு கேளுங்க. 38, 40 வயதைத் தொட்டவர்களுக்கு இந்தப் படிகளில் நின்று நேரம் கழிக்க முடியாது, ஐ.வி.எஃப் பேச்சை முதல் சந்திப்பிலேயே தொடங்கிவிடலாம்.

ஐ.வி.எஃப்-ல் பத்து, பன்னிரண்டு நாள்கள் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து வெளியே எடுப்பார்கள். இருப்பு குறைந்தவர்களுக்கு ஏமாற்றம் தருவது இந்தக் கட்டம்தான். மற்றவர்களுக்குப் பத்து முட்டைகள் கிடைக்கும் இடத்தில் இவர்களுக்கு மூன்று, நான்கு கிடைக்கலாம். உதாரணத்துக்கு நான்கில் மூன்று முதிர்ந்திருக்கும், இரண்டு கருவாகும், ஒன்று நன்றாக வளரும். சில சமயம் எதுவுமே வராமல் சைக்கிளை நிறுத்த வேண்டியும் வரும். அப்படி நின்றால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதை முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டோஸைக் கூட்டினால் முட்டை கூடிவிடாது. தினம் 300 யூனிட்டுக்கு மேல் பலனில்லை என்பதே நிபுணர்களின் வழிகாட்டுதல். அதற்குப் பதில் இரண்டு மூன்று முறை முட்டை எடுத்துக் கருக்களைச் சேர்த்து உறையவைக்கும் முறை உண்டு. ஒரே மாதத்தில் இரண்டு முறை எடுப்பதையும் சில டாக்டர்கள் செய்கிறார்கள்.

கூடுதல் ஐட்டங்கள்தான் பில்லைப் பெரிதாக்குபவை. டி.ஹெச்.இ.ஏ மாத்திரை, கோ-என்சைம் க்யூ 10, வளர்ச்சி ஹார்மோன், சினைப்பையில் பி.ஆர்.பி ஊசி... எதற்கும் உறுதியான ஆதாரம் இன்னும் இல்லை. `சினைப்பையை இளமையாக்குறோம்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுங்க. அப்புறம், நாமக்கல் பக்கத்துச் சொந்தக்காரர்கள் `தினம் ரெண்டு முட்டை சாப்பிடு, முட்டை கூடும்' என்பார்கள். புரதத்துக்காகச் சாப்பிடுங்கள், சினைப்பைக் கணக்கில் அது சேராது.

சொந்த முட்டையில் பலமுறை முயன்றும் முடியவில்லை என்றால் தான முட்டை இருக்கிறது. சுமப்பதும் பெறுவதும் நீங்கள்தான். தானம் தருபவர் இளவயதினர் என்பதால் வாய்ப்பும் கூடும். ஆனால் இதற்கு மனம் தயாராக நாளாகும், யாரும் அவசரப்படுத்தக் கூடாது. 2022-ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் கருமுட்டை எடுத்து விற்ற வழக்கு நம் பக்கத்தையே அதிரவைத்தது. விசாரணை சேலம், ஓசூர் வரை போனது. அந்த வருட ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தானம் தருபவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறைதான் தரலாம், ஏழு முட்டைகளுக்குமேல் எடுக்கக் கூடாது. சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50 வயதுக்குமேல் அனுமதி இல்லை. சென்டரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

தனியாரில் ஒரு ஐ.வி.எஃப் சைக்கிள் லட்சத்தைத் தாண்டும். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசே கருத்தரிப்பு மையம் நடத்துகிறது. ஆரம்பப் பரிசோதனைகளுக்கு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மகப்பேறு பிரிவிலேயே விசாரிக்கலாம். போகும்போது அபார்ஷன் சமயத்து ஸ்கேன், ஏ.எம்.ஹெச் ரிப்போர்ட், பீரியட்ஸ் தேதிகள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். கணவரின் விந்து ரிப்போர்ட்டும் அதே ஃபைலில். `அவருக்கு எதுக்கு டெஸ்ட்'னு மாமியார் கேட்டால், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டுங்கள்.