வசூலுக்கு விஷம்!

1938 மே மாதம் ஹாலிவுட் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. கொடுத்தவர்கள் தியேட்டர் முதலாளிகள். கொழுத்த சம்பளம் வாங்கும் சில நட்சத்திரங்கள் வசூலுக்கு விஷம் என்று பெயர் போட்டே எழுதியிருந்தார்கள். கிரெட்டா கார்போ, ஜோன் கிராஃபோர்ட், மார்லின் டீட்ரிச் ஆகியோரோடு கேத்தரின் ஹெப்பர்னும் அந்தப் பட்டியலில் இருந்தார்.

முதலாளிகளின் எரிச்சலுக்குக் காரணம் உண்டு. ஓடுகிற ஒரு படம் வேண்டுமென்றால், ஓடாத படங்களையும் சேர்த்து எடுக்கும்படி ஸ்டுடியோக்கள் அவர்கள் தலையில் கட்டின. அந்தக் கோபம் நடிகைகள் மேல் விழுந்தது. ஹெப்பர்ன் 1933-ல் நடித்த ‘மார்னிங் குளோரி’க்கு ஆஸ்கர் வாங்கியவர். ஆனால் பிறகு வந்த படங்களில் பல படுத்துவிட்டன. இன்று கொண்டாடப்படும் ‘பிரிங்கிங் அப் பேபி’யும் அப்போது கையைச் சுட்ட படம்தான். பேட்டி கொடுக்க மாட்டார், ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட மாட்டார், பெண்கள் கால்சட்டை அணிந்தாலே முகம் சுளித்த காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு திரிவார். திமிர் பிடித்தவர் என்று ஊரே பேசியது.

ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ ஒரு சாதாரணப் படத்தில் நடிக்கச் சொன்னது. ஹெப்பர்ன் பணம் கட்டி ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டார். கனெக்டிகட் கடற்கரையில் இருந்த குடும்ப வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வீட்டையும் அதே ஆண்டு செப்டம்பரில் அடித்த பெரும்புயல் வாரிக்கொண்டு போயிற்று! பட்ட காலிலேயே படும் என்பார்களே, அப்படி.

அந்த நேரத்தில் கைகொடுத்தவர் நாடக ஆசிரியர் ஃபிலிப் பாரி. அவர் ஹெப்பர்னை மனத்தில் வைத்து எழுதிய நாடகம் ‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’. தலைக்கனம் பிடித்த ஒரு பணக்காரப் பெண்ணின் கர்வம் உடைவதுதான் கதை. ஹெப்பர்ன் மேல் மக்களுக்கு என்ன புகாரோ, அதையே மேடையேற்றி டிக்கெட் போட்டு விற்றார் பாரி. அது சம்மதம் என்று துணிந்ததுதான் ஹெப்பர்னின் சாமர்த்தியம். சம்பளம் வேண்டாம், லாபத்தில் பங்கு போதும் என்றார். சினிமா உரிமையை நண்பர் ஹோவர்ட் ஹியூஸ் வாங்கி அவர் கையில் கொடுத்தார்.

1939 மார்ச் 28 அன்று நியூயார்க் ஷூபர்ட் தியேட்டரில் திரை உயர்ந்தது. 417 முறை நடந்தது. நொடித்துக் கிடந்த தியேட்டர் கில்டு என்ற நாடக நிறுவனமும் அதில் தலைநிமிர்ந்தது.

ஹாலிவுட் ஓடி வந்தது. எல்லோருக்கும் கதை வேண்டும், ஹெப்பர்ன்தான் வேண்டாம். உரிமையோ அவரிடம்! எம்.ஜி.எம். அதிபர் லூயி பி. மேயர் அவரையே கதாநாயகியாக ஏற்றார். இயக்குநர் ஜார்ஜ் குகோர் என்பதும் ஹெப்பர்ன் முடிவுதான். கிளார்க் கேபிளையும் ஸ்பென்சர் டிரேசியையும் கேட்டார். கிடைத்தவர்கள் கேரி கிராண்டும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும். 1940 கடைசியில் வந்த படம் வசூலை அள்ளியது. ஆஸ்கர் மட்டும் ஸ்டூவர்ட்டுக்குப் போனது.

கேட்டுக் கிடைக்காத டிரேசி அடுத்த படத்தில் கிடைத்தார். அந்தக் கதையை மேயரிடம் விற்றவரும் ஹெப்பர்ன்தான். அது அடுத்த வாரம்.