செட்டித்தெரு எங்கே போச்சு?

தைப்பூசம் வருது. நம்ம கோயில்ல தொண்டு செய்ற ஒரு தம்பி கேட்டார், "அண்ணே, தைப்பூசத்துக்கு முந்தின நாளை ஏன் செட்டிப்பூசம்னு சொல்றோம்?" பதில் சொல்லணும்னா இப்போ இல்லாத ஒரு தெருவைப் பத்திப் பேசணும். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்குங்க.

தோ பாயோவில் எம்ஆர்டி ஏறினா ஏழாவது ஸ்டேஷன் ராஃபிள்ஸ் பிளேஸ். வழியில சாமர்செட் வரும். நம்ம வைரவிமட காளியம்மன் முன்னே அந்தப் பக்கம்தான் இருந்தா. ரயிலுக்காக நிலம் எடுத்தப்போதான் அங்கேருந்து கிளம்பி, பிறகு லோரோங் 8க்கு வந்தா. அடுத்தது டோபி காட். சிவன் கோயில் அங்கேருந்து கேலாங் ஈஸ்ட் போச்சு. சாமியை இப்படி இடம் மாத்தி வெச்சுக் கும்பிட முடிஞ்சுது. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்துல இருக்கிற மார்க்கெட் ஸ்திரீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பேர்ப் பலகை இன்னும் இருக்கு. ஆனா தமிழர்கள் செட்டித்தெருன்னு கூப்பிட்ட தெரு அங்கே இல்லை.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார்கள் 19ஆம் நூற்றாண்டுல இங்கே வந்து, ஆற்றங்கரைக்குக் கிட்ட கிட்டங்கிகள்ல தொழில் நடத்தினாங்க. கிட்டங்கின்னா நீளமான கடைவீடு. உள்ளே வரிசையா ஆளுக்கொரு இடம். தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னாடி ஒரு சின்ன மரப்பெட்டி. அந்தப் பெட்டிதான் பேங்க்! தூக்கமும் சாப்பாடும் அதே கட்டடத்துல. பெண்டாட்டி பிள்ளைங்க ஊர்ல. முதலாளி அனுப்பின ஏஜெண்டு மூணு வருஷம் போல இருந்து, கணக்கை ஒப்படைச்சிட்டுக் கப்பல் ஏறுவார், அடுத்தவர் வருவார். எங்க ஃபாக்டரியில ஷிப்ட் மாத்துற மாதிரிதான், ஆனா ஒரு ஷிப்ட் மூணு வருஷம்.

வெள்ளைக்காரன் பேங்க் ஏறெடுத்தும் பார்க்காத சீனக் கடைக்காரர், சின்னத் தோட்டக்காரர், ஆபீஸ் கிராணி எல்லாரும் இங்கேதான் கடன் வாங்கினாங்க. வட்டிக்கு விட்டவங்கதானேன்னு முகம் சுளிக்கிறவங்க உண்டு. அடமானம் வெச்ச சொத்தை இழந்தவங்களும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனா வரவுல கோயிலுக்குன்னு மகமை எடுத்து வைக்கிறது அவங்க வழக்கம். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை 1859ல எழுப்பினது அவங்கதான். பூசத்துக்கு முதல் நாள் அங்கேருந்து முருகன் வெள்ளித் தேர்ல கியோங் சாய்க் ரோட்டுல இருக்கிற லயன் சித்தி விநாயகரைப் பார்க்கப் போய், சாயங்காலம் திரும்புறார். அது நகரத்தார் எடுக்கிற ஊர்வலம். அதனாலதான் தம்பி, செட்டிப்பூசம்.

1930கள்ல வந்த வியாபார மந்தம், அப்புறம் ஜப்பான்காரன் காலம், பிறகு பேங்க்குகள் பெருகினது, எல்லாம் சேர்ந்து தொழில் சுருங்கிப் போச்சு. 1969ல வந்த ஒரு சட்டம் 'கோல்டன் ஷூ' வட்டாரத்துல வாடகைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுது. பழைய கடைவீடுகளைக் காலி பண்றது சுலபமாச்சு. வரிசை வரிசையா இடிச்சாங்க. 1984ல கோல்டன் ஷூ கார் பார்க் வந்துச்சு. நம்மள்ல நிறைய பேர் அந்த உணவங்காடியில சாப்பிட்டிருப்போம். அதையும் 2017ல மூடிட்டாங்க. இப்போ அங்கே 51 மாடிக் கட்டடம், 2021ல முடிஞ்சது.

கிட்டங்கிக்குள்ள போய் வந்த பெரியவங்க நம்ம அடியார்கள்ல யாராவது இருந்தா, வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது என்னைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. நோட்டுல எழுதி வெச்சுக்கிறேன்.