பழைய கோவாவில் ஒரு பகல்

பங்கு மக்கள் பலர் புனித சவேரியாரின் திருவுடலைத் தரிசிக்கப் பழைய கோவாவுக்குச் சென்றிருப்பர். தரிசனம் முடிந்ததும் திரும்பிவிடுவதே பெரும்பாலோர் வழக்கம். அவ்வூரை ஒரு பகல் முழுதும் கால்நடையாய்ச் சுற்றிப் பார்த்தால், நம் திருச்சபை வரலாற்றின் ஒளியும் நிழலும் ஒருங்கே புலப்படும்.

மாண்டவி ஆற்றங்கரையிலிருந்து நடையைத் தொடங்குவது நலம். அங்கே நிற்பது ஆளுநர் வளைவு. வாஸ்கோ தா காமாவின் கொள்ளுப்பேரரான ஆளுநர் பிரான்சிஸ்கோ தா காமா கட்டியது, 1954-ல் புதுப்பிக்கப்பட்டது. புதிதாய் வரும் ஆளுநர்கள் இவ்வழியே நகருள் நுழைவர். சற்று உள்ளே, அடில் ஷா அரண்மனையின் கல்வாயில் மட்டும் தனித்து நிற்கிறது. 1510 நவம்பர் 25-ல், புனித கத்தரீனம்மாள் திருநாளன்று, அல்புகெர்க் இந்நகரைக் கைப்பற்றினார். அதனாலேயே பேராலயமும் அப்புனிதையின் பெயரைப் பெற்றது.

அப்பேராலயத்தின் வேலை 1562-ல் தொடங்கி, 1619-ல் கட்டடம் முடிந்தது. இரு கோபுரங்களில் ஒன்று 1776-ல் இடிந்து விழுந்தது. எஞ்சிய கோபுரத்தில் ‘பொன்மணி’ எனப்படும் பெரிய மணி தொங்குகிறது. பேராலயத்தை அடுத்த திடலருகேதான் சமய விசாரணை மன்றத்தின் மாளிகை இருந்தது. 1560 முதல் இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக 1812 வரை அது இயங்கியது. புதிதாய் மறை தழுவியோரும் பிற சமயத்தாரும் அதனால் அடைந்த துன்பம் பெரிது. இதை நாம் மறைக்கலாகாது. உண்மையின் பெயரால் திருச்சபை மக்கள் இழைத்த வன்செயல்களுக்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000-ஆம் ஆண்டு மார்ச் 12-ல் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

சாலையைக் கடந்தால் போம் ஜேசு பசிலிக்கா. 1605-ல் அர்ச்சிக்கப்பட்ட ஆலயம் இது. 1552-ல் சான்சியன் தீவில் உயிர்நீத்த சவேரியாரின் உடல் 1554-ல் கோவா வந்து, 1624-ல் இவ்வாலயத்தில் வைக்கப்பட்டது. வெள்ளிப்பேழை கோவாப் பொற்கொல்லரின் கைவண்ணம். அதன் கீழுள்ள சலவைக்கல் பீடம் தஸ்கனி நாட்டுக் கோமகன் மூன்றாம் கோசிமோவின் காணிக்கை.

அங்கிருந்து குன்றேறினால் அகுஸ்தீனார் மடத்தின் இடிபாடு. 1835-ல் துறவிகள் வெளியேற, 1842-ல் கூரை இடிந்தது. 46 மீட்டர் உயரக் கோபுரத்தின் ஒரு பாதியே இன்று எஞ்சியுள்ளது. கொள்ளைநோய்களும் வணிகச் சரிவும் மக்களை விரட்டின. 1843-ல் பணஜி தலைநகராயிற்று. வீதிகள் இருந்த இடத்தில் தென்னை வளர்ந்தது.

ஆயினும் இந்நகர் தமிழருக்கு அந்நியமன்று. 1542 மே மாதம் இங்கே வந்திறங்கிய சவேரியார், அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்குச் சென்று, பரதவ மக்களிடையே தமிழில் செபங்களைக் கற்பித்தார். 1556-ல் இந்தியாவின் முதல் அச்சகம் இங்குள்ள புனித பவுல் கல்லூரியில் இயங்கியது. 1577-ல் தமிழ் எழுத்துகளும் கோவாவில் வார்க்கப்பட்டன. மறு ஆண்டு கொல்லத்தில் வெளிவந்த ஹென்றிக்ஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ அவ்வெழுத்துகளையும் கொண்டு அச்சானது. கோவா மண்ணின் மைந்தரான புனித யோசேப்பு வாஸ் அடிகளார் 1687-ல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் சென்று, டச்சு ஆட்சியில் குருவின்றி வாடிய தமிழ்க் கத்தோலிக்கரைத் தேற்றினார். 2015-ல் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

ஆளுநர்களின் மாளிகைகள் இன்றில்லை. விசாரணை மன்றமும் இல்லை. சவேரியார் கற்பித்த செபமோ முத்துக்குளித்துறையில் இன்றும் ஒலிக்கிறது. வாஸ் அடிகளார் காத்த விசுவாசம் ஈழத்தில் வாழ்கிறது. விழாக் காணும் நாம் நம் ஆலயத்தின் சுவர்களைப் புதுப்பிப்பது நன்று. நம் பிள்ளைகளுக்கு விசுவாசத்தை அன்போடு கையளிப்பது அதனினும் நன்று.